குரலே இல்லாத ப்ரோக்ரெஸிவ் ஃபியூஷன் ஆல்பம்: கிதார் குழையாமல், காது களைக்காமல் பதிவு செய்வது எப்படி?

ஏழரைக்கட்டை:

8 டிராக், மொத்தம் 46 நிமிடம். கிதார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு மட்டும்; குரல் கிடையாது. 2-ஆம் டிராக் முழுக்க 7/8, வேகம் 126 (நிமிடத்துக்கு 126 குவார்ட்டர் நோட்). 5-ஆம் டிராக் 4/4, அதன்மேல் 7 சிக்ஸ்டீன்த் (ஒரு குவார்ட்டர் நோட்டின் கால் பங்கு ஒரு சிக்ஸ்டீன்த்) நீளமுள்ள ரிஃப் ஓடுகிறது.

டெமோவில் மூன்று குறைகள் கேட்கின்றன. வேகமான லெகாட்டோ வரிகள் (ஒவ்வொரு சுரத்தையும் பிக்கால் அடிக்காமல் விரலாலேயே தொடுத்து வாசிப்பவை) தனித்தனிச் சுரமாகக் கேட்காமல் குழைகின்றன. டிஸ்டார்ஷன் போட்டதும் நான்கு சுர கார்டுகள் கரகரக்கின்றன. மூன்றாவது டிராக் வருவதற்குள் காது களைத்துவிடுகிறது. எது மெலடி, எது சோலோ என்றே பிரிந்து தெரியவில்லை. டோன், பதிவு வரிசை, மிக்ஸ், எதைப் பற்றியானாலும் அளவுகளோடு சொல்லுங்கள்.

---

வால்வு ஆம்ப்:

லெகாட்டோ குழைந்தால் முதலில் கெயினை, அதாவது டிஸ்டார்ஷனைக் கூட்டும் அளவை, பாருங்கள்.

126 வேகத்தில் ஒரு சிக்ஸ்டீன்த் 119 மில்லிசெகண்ட். ஒரு சுரம் முடிந்து அடுத்தது தொடங்கியதைக் காது கண்டுகொள்வது தொடக்கத்தில் விழும் அந்தச் சின்னத் தட்டலை வைத்துத்தான். டிஸ்டார்ஷன் கம்ப்ரஷனும் சேர்ந்ததே. கெயின் ஏற ஏறத் தட்டலும் அதற்குப் பின் வரும் நீட்சியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். மெய்யெழுத்தை எல்லாம் எடுத்துவிட்டு உயிரெழுத்தை மட்டும் வைத்துப் பேசினால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது.

சோதனை எளிது. கிதாரின் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்குங்கள். ஒலி ஏறக்குறைய சுத்தமாகிவிட வேண்டும். ஆகவில்லையென்றால் கெயின் கூடுதல். குறைத்தபின் நீட்சி போதாதுபோல் தோன்றினால் கெயினை மறுபடி ஏற்ற வேண்டாம். ஆம்புக்கு முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடல் வையுங்கள். டிரைவ் 0-க்குப் பக்கத்தில், லெவல் முக்கால் பங்கு. இந்த வகைப் பெடல்கள் பலவற்றில் கீழ் அலைவரிசை குறைந்துதான் ஆம்புக்குள் போகும். டிஸ்டார்ஷனுக்குள் போகும் பேஸ்தான் சேறாக மாறுகிறது. பேஸ் வேண்டுமானால் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது.

கிதாரின் செட்டப்பும் இதில் பாதி. 12-ஆம் ஃப்ரெட்டில் மெல்லிய ஈ தந்தி 1.5 மி.மீ. உயரம், தடித்த ஈ 1.8 முதல் 2 மி.மீ. கழுத்தின் வளைவு 7-ஆம் ஃப்ரெட் பக்கம் 0.2 மி.மீ. இதற்கும் கீழே இறக்கினால் ஆம்பில் கேட்காத ஃப்ரெட் உரசல் ஹெட்ஃபோனில் கேட்கும். ஹேமர் ஆன் (பிக் இல்லாமல் விரலால் தந்தியைத் தட்டி எழுப்பும் சுரம்) பலவீனமாக விழுவதற்கும் அதுவே காரணம், விரல் தட்ட இடமே இருக்காது. முதல் ஃப்ரெட்டின் மேல் துணிப்பட்டை ஒன்றைச் சுற்றிவிடுங்கள், சும்மா இருக்கும் தந்திகள் அதிராது. திறந்த தந்தி வரும் வரிக்கு மட்டும் கழற்றுங்கள்.

---

ஃப்ரெட்லெஸ்:

வால்வு ஆம்ப் சொன்னதோடு ஒன்று. பிக்கால் அடித்த சுரத்துக்கும் ஹேமர் ஆன் சுரத்துக்கும் வித்தியாசத்தை டி.ஐ. டிராக்கின் (ஆம்ப் இல்லாமல் கிதாரிலிருந்து நேராகப் பதிவானது) அலைவடிவத்திலேயே பார்க்கலாம். 3 டெசிபெல்லுக்கு மேல் போனால் விரலில் வேலை இருக்கிறது. கெயினை ஏற்றினால் வித்தியாசம் மறையும், ஆனால் குழைவும் வந்து சேரும். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் 2:1 கம்ப்ரஷன் வைத்து 2 அல்லது 3 டெசிபெல் குறைப்பது அதைவிட நல்லது.

இரண்டாவது குறைக்கு வருகிறேன். கார்டு கரகரப்பது ஆம்பின் கோளாறு இல்லை. இரண்டு சுரம் ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவற்றின் அலைவரிசைகளின் கூட்டலும் கழித்தலும் புது ஒலிகளாக வெளியே வரும். ச-ப ஜோடி 3:2. கழித்தால் 1, அதாவது சட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் பவர் கார்டு கம்பீரமாக இருக்கிறது. மேஜர் தேர்டு தூய விகிதத்தில் 5:4. கிதாரின் ஃப்ரெட்டோ அதைவிட 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது ஒரு ஃப்ரெட் இடைவெளியின் நூறில் ஒரு பங்கு) கூடுதலாகத் தருகிறது. அந்தக் கழித்தல் ஒலி எந்தச் சுரத்திலும் உட்காராது. பஞ்சமத்தில் விலகல் வெறும் 2 சென்ட், அதனால் தப்பிக்கிறது. நான்கு சுர கார்டில் ஆறு ஜோடி. கரகரக்காமல் என்ன செய்யும்?

வழிகள் மூன்று. எனக்குப் பிடித்தது முதலாவது: கார்டின் ஒவ்வொரு சுரத்தையும் தனி டிராக்கில் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக டிஸ்டார்ஷன் போடுவது. நான்கு சுரத்துக்கு நான்கு டிராக். பெரிய கார்டும் கண்ணாடிபோல் கேட்கும். டிஸ்டார்ஷனுக்கு *பிறகு*தான் நான்கும் ஒரே பஸ்ஸில் (பல டிராக்குகளைச் சேர்க்கும் மிக்ஸர் தடம்) சேர வேண்டும். முன்னால் சேர்த்தால் உழைப்பெல்லாம் வீண். இரண்டாவது, மேஜர் தேர்டைக் கீபோர்டுக்குக் கொடுத்துவிட்டுக் கிதார் சட்ஜம், பஞ்சமம், ஒன்பதாம் சுரம் மட்டும் பிடிப்பது. மூன்றாவது, டிஸ்டார்ஷனே இல்லாமல் வால்யூம் பெடலால் ஒலியை மெல்ல எழுப்பி, பல டிலேக்களுக்குள் (எதிரொலிக் கருவிகள்) அனுப்புவது. கிதார் கலைஞர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தின் கார்டுகள் வயலின் கூட்டம்போல் எழுவது இந்த வழியில்தான்.

---

ஏழரைக்கட்டை:

மூன்றாவது வழியைச் செய்துபார்த்தால் பெடலை எழுப்பும்போது ஒலி மங்கலாக இருக்கிறது. மேல் அலைவரிசை காணாமல் போகிறது.

---

ஃப்ரெட்லெஸ்:

பெடலின் மின்தடை பொருந்தவில்லை. கிதாரிலிருந்து நேராகப் போனால் 250 கிலோ ஓம் பெடல். பஃபர் பெடலுக்குப் பின்னாலோ ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பிலோ வைத்தால் 25 கிலோ ஓம். 25 கிலோ ஓம் பெடலை நேராக பிக்கப்புக்கு மாட்டினால் நீங்கள் சொல்லும் மங்கல் நிச்சயம்.

இடமும் முக்கியம். டிலேக்கு முன்னால் இருக்கட்டும். பெடலை மூடியபின்னும் பழைய கார்டின் வால் ஒலித்துக்கொண்டிருக்க, அதன்மேல் புதுக் கார்டு எழும். டிலேக்குப் பின்னால் வைத்தால் வாலும் சேர்ந்து அறுந்துபோகும்.

---

மிஸ்ரநடை:

7/8 பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. அந்த டிராக்கின் தாளம் 3+4 பிரிப்பா, 2+2+3 பிரிப்பா? இதை முதலில் தீர்மானித்து, நால்வரும் ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். "தகிட தகதிமி" என்றால் எல்லோருக்கும் தகிட தகதிமி. பேஸ் வாசிப்பவர் மனதுக்குள் "தக தக தகிட" ஓடினால் சுரம் சரியாக விழுந்தாலும் அழுத்தம் மாறி விழும். எங்கே தப்பு என்று கேட்பவருக்குப் பிடிபடாது, ஆனால் ஆட்டம் காண்பது தெரியும். 1970-களில் ஷக்தி குழுவில் ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், டி.எச். விநாயகராம் சேர்ந்து வாசித்த நாளிலிருந்து கொன்னக்கோல் (தாளத்தை இப்படி வாய்ச்சொல்லாகச் சொல்லும் கலை) ஃபியூஷன் கிதாருக்கும் சொந்தம். நமக்கு அது வீட்டு மொழி, பயன்படுத்தாமல் விடுவது பாவம்.

சோலோவின் முடிவுக்கு ஒரு கோர்வை (ஒரே வரி மூன்று தடவை வந்து சமத்தில் இறங்கும் கணக்கு) வையுங்கள். நான்கு பார் 7/8 என்றால் 56 சிக்ஸ்டீன்த். சுலபமானது: 15 சிக்ஸ்டீன்த் வரி, 5 இடைவெளி, மறுபடி 15, 5, 15. அடுத்த அடி சமம், அதாவது பாரின் முதல் அடி.

---

கோஸ்ட்நோட்:

மிஸ்ரநடை, அது 55தான் வருகிறது. 45-உம் 10-உம். சமத்துக்கு ஒரு சிக்ஸ்டீன்த் முன்னாலேயே இறங்கிவிடும்.

---

மிஸ்ரநடை:

ஆமாம், என் பிழை. 16, 4, 16, 4, 16 என்று கொள்ளுங்கள்: 48 + 8 = 56. இல்லையென்றால் 14, 7, 14, 7, 14: 42 + 14 = 56. இதில் வரி ஒரு முழுப் பார், இடைவெளி அரைப் பார்.

இவை இரண்டைவிட அழகானது ஒன்று: 12, 5, 12, 5, 12. மொத்தம் 46. ஆகவே முதல் 10 சிக்ஸ்டீன்த்தை விட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். "தகிட தகதிமி"யில் முதல் பாரின் "தி"யில் எடுப்பு. இரண்டாவது சுற்று விழும் இடத்தைப் பாருங்கள்: 27 சிக்ஸ்டீன்த் கழிந்தபின், அதாவது இரண்டாம் பாரின் கடைசி சிக்ஸ்டீன்த்தில், மூன்றாம் பாரின் தொடக்கத்துக்கு ஒரு மயிரிழை முன்னால். மூன்றாவது சுற்று நான்காம் பாரின் இரண்டாவது எய்த் நோட்டில். இந்த இரண்டாவது சுற்றின் இடம்தான் ஆளைக் கவிழ்க்கும். டிரம்மர் அங்கே கிதாரைப் பின்தொடர்ந்து கிக் அடித்துவிட்டால் தாளமே ஒரு சிக்ஸ்டீன்த் நகர்ந்ததுபோல் ஆகிவிடும். அவர் பாரின் முதல் அடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால்தான் கிதாரின் விலகல் விலகலாகக் கேட்கும்.

5-ஆம் டிராக்குக்கும் இதே பார்வை. 7 சிக்ஸ்டீன்த் ரிஃப் 4/4-உடன் தானாகச் சேர 7 பார் ஆகும். நான்கு பாரில் முடிக்க வேண்டுமானால் 64-இல் 9 தடவை போக 1 மிச்சம். கடைசிச் சுற்றை 8 ஆக நீட்டுங்கள். கால் தட்ட வேண்டியது 4/4-ஐ. ரிஃபோடு கால் போனால் ஸ்னேர் விழும் இடம் ஒவ்வொரு பாரிலும் ஆச்சரியமாகவே இருக்கும்.

---

கோஸ்ட்நோட்:

பதிவு வரிசைக்கு என் பரிந்துரை: டெம்போ வரைபடம், அதன்மேல் வழிகாட்டிக் கிதார், பிறகு டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, ரிதம் கிதார், கடைசியில் மெலடியும் சோலோவும். வழிகாட்டிக் கிதார் அவசரமாக வாசித்ததாக இருக்கக் கூடாது. டிரம்மர் அதைக் கேட்டுத்தான் கோஸ்ட் நோட்டுகளை (மிக மெல்லிதாக விழும் இடையடிகள்) எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறார். அது பின்தங்கினால் முழு டிராக்கும் பின்தங்கும்.

கிளிக்கை (ஹெட்ஃபோனில் ஓடும் தாள ஒலி) 7 எய்த் நோட்டும் ஒரே ஒலியில் வைக்காதீர்கள். "தகிட"வின் முதல் எழுத்துக்கும் "தகதிமி"யின் முதல் எழுத்துக்கும் மட்டும் அழுத்தம். மரக்கட்டை ஒலியாக இருந்தால் ஹெட்ஃபோனிலிருந்து மைக்குக்குக் கசிவது குறையும். டிராக் முடிவில் சிம்பல் அடங்கும் இடத்தில் கிளிக்கை நிறுத்திவிடுங்கள். இதை மறந்தால் கடைசி 6 விநாடி அமைதியில் டொக் டொக் என்று கேட்கும், பின்னால் எடுக்கவே முடியாது.

வேகம் மாறும் இடங்களில் எண்ணை யோசித்து வையுங்கள். 120-இல் டாட்டட் எய்த் நோட்டைப் புதிய காலாக எடுத்தால் 160. ட்ரிப்லெட்டின் ஒரு பங்கைப் புதிய எய்த் நோட்டாக எடுத்தால் 180. இப்படிப் பழைய வேகத்துக்குள்ளிருந்தே பிறக்கும் மாற்றம் கேட்பவரைக் கைபிடித்துக் கூட்டிப்போகும். 120-லிருந்து 152-க்குத் தாவினால் இரண்டு பாட்டை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும்.

டிரம்ஸை முழுக்கக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்க வேண்டாம். பாரின் முதல் அடியும் கோர்வை இறங்கும் அடியும் சரியாக இருந்தால் போதும்.

---

வால்வு ஆம்ப்:

மெலடியைக் கடைசியில் வைப்பதை நான் ஏற்கவில்லை. குரல் இல்லாத ஆல்பத்தில் மெலடிதான் குரல். பேஸும் கீபோர்டும் அதைக் கேட்டு ஒதுங்கி வாசிக்க வேண்டும். கடைசியில் வாசித்தால் மிச்சமிருக்கும் இடத்தில் மெலடி நுழைந்துகொள்ள வேண்டியதாகிவிடும். டிரம்ஸ் முடிந்ததும் மெலடி, பிறகு மற்றவை, சோலோ மட்டும் கடைசியில்.

---

கோஸ்ட்நோட்:

இது சரி. சோலோவுக்கு மட்டும் நான் சொன்னது பொருந்தும். பேஸ், கீபோர்டு எல்லாம் இருந்தால்தான் சோலோ அவர்களோடு பேச முடியும்.

---

ஏழரைக்கட்டை:

6-ஆம் டிராக்கின் சோலோவில் ஈ ஃபிளாட் மேஜர் 7 ஷார்ப் 11 நான்கு பார், பி மைனர் 9 நான்கு பார், இப்படியே சுற்றுகிறது. மாறும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் பயிற்சிபோல் கேட்கிறது.

---

மிஸ்ரநடை:

முதல் கார்டுக்கு ஈ ஃபிளாட்டை சட்ஜமாக வைத்த கல்யாணி. இரண்டாவதற்கு பி-யை சட்ஜமாக வைத்த கரகரப்ரியா. இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை டி-யும் ஏ-யும் மட்டும்தான். மாறும் இடத்தில் கை ஓடிக்கொண்டே இருந்தால் மற்ற ஐந்து சுரமும் ஒரே நொடியில் மாறும். கேட்பவர் காதில் சறுக்கல்.

நான்காம் பாரின் கடைசி இரண்டு அடியை டி-யில் நிறுத்தி, அடுத்த பாருக்குள்ளும் அப்படியே நீட்டுங்கள். கல்யாணியில் காகலி நிஷாதமாக இருந்த அதே சுரம், கார்டு மாறியதும் சாதாரண காந்தாரமாக நிறம் மாறும். விரலை அசைக்கவே வேண்டாம், அதுவே ஒரு வாக்கியம். அடுத்த சுற்றில் ஏ-யை நீட்டுங்கள்: பிரதி மத்தியமம் கைசிகி நிஷாதமாகும். மூன்றாவது சுற்றில் ஓடிக் கடந்தால் அதற்கு மதிப்பு இருக்கும்.

---

கலவைமேசை:

களைப்பு மிக்ஸில் பாதி, ஏற்பாட்டில் பாதி. ஏற்பாட்டை முதலில் சரிசெய்யாமல் என்னிடம் அனுப்புபவர்களுக்குச் சொல்வதையே சொல்கிறேன்.

மெலடியை வாயால் பாடிப்பாருங்கள். மூச்சு முடியும் இடத்தில் கிதாரும் நிற்க வேண்டும். ஒன்றரை ஸ்தாயிக்குள் மெலடி அடங்கட்டும். சோலோ எங்கே வேண்டுமானாலும் போகலாம். மெலடிக்கு ஒரு பிக்கப், சோலோவுக்கு வேறு. மெலடி முதல் தடவை தனியாக, இரண்டாம் தடவை கீபோர்டு அதே சுரத்தில் மெல்லிதாக 10 டெசிபெல் கீழே சேர்ந்துவர, மூன்றாம் தடவை ஸ்தாயி மேலே. இவ்வளவு செய்தால் பிரிந்து தெரியவில்லை என்ற பேச்சே எழாது.

மிக்ஸில்: கிதார்கள் எல்லாவற்றிலும் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. டிஸ்டார்ஷன் கிதாரில் 8 முதல் 9 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டு; அதற்கு மேல் இருப்பது வெறும் சீறல், 46 நிமிடத்தில் காதைக் களைக்கச் செய்வது அதுதான். ஸ்பீக்கர் ஐ.ஆர். (ஸ்பீக்கரின் ஒலித்தன்மையைப் போலிசெய்யும் கோப்பு) பயன்படுத்தினால் இன்னும் கீழே, 7 வரை இறங்கலாம். முன்னணிக் கிதார் 1 முதல் 3 கிலோ ஹெர்ட்ஸில் வாழ்கிறது. கிதாரை அங்கே ஏற்ற வேண்டாம், கீபோர்டில் 1.5 முதல் 2.5 கிலோ ஹெர்ட்ஸை 3 டெசிபெல் இறக்குங்கள், கிதார் தானாக முன்னே வரும். ரிதம் கிதார் இரண்டையும் இரு ஓரத்துக்கு ஒதுக்கி நடுவை மெலடிக்கு விடுங்கள்.

மைக்கும் டி.ஐ.யும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் தூரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். 34 செ.மீ. தூரம் என்றால் 1 மில்லிசெகண்ட் தாமதம், 48 கிலோ ஹெர்ட்ஸ் பதிவில் 48 சாம்பிள். அதை நகர்த்திப் பொருத்தாமல் கலந்தால் நடு அலைவரிசை குடைந்ததுபோல் காணாமல் போகும். மெல்லிய கிதார் ஒலிக்கு ஈக்யூவில் மணிக்கணக்காகப் போராடுபவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும்.

டி.ஐ.யைத் தனியாக எப்போதும் பதிவுசெய்து வையுங்கள், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம். டோன் பிடிக்காவிட்டால் வாசிப்பை இழக்காமல் ரீஆம்ப் செய்யலாம், அதாவது அதே பதிவை மறுபடி ஆம்புக்குள் அனுப்பலாம்.

---

ஃப்ரெட்லெஸ்:

7/8 டிராக்கில் டிலே நேரம் பற்றி ஒரு வார்த்தை. டாட்டட் எய்த் வழக்கமாக வைப்பது. 126-இல் அது 357 மில்லிசெகண்ட். பாருக்கு 14 சிக்ஸ்டீன்த், டிலே 3. எதிரொலிகள் 3, 6, 9, 12, 15 என்று போகும். ஐந்தாவது எதிரொலி அடுத்த பாரின் முதல் அடிக்கு ஒரு சிக்ஸ்டீன்த் தள்ளி விழுந்து தாளத்தை மங்கச் செய்யும். 7 சிக்ஸ்டீன்த், அதாவது 833 மில்லிசெகண்ட் வைத்துப்பாருங்கள். இரண்டாவது எதிரொலி நேராகச் சமத்தில் இறங்கும். எதிரொலியில் 3 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி, ஃபீட்பேக் இரண்டு தடவைக்கு மேல் கேட்காத அளவு.

---

ஏழரைக்கட்டை:

833 வைத்ததும் டிராக் நிமிர்ந்து நிற்கிறது. கெயினையும் பாதியாக்கியாயிற்று. ஒரு சந்தேகம்: மானிட்டரில் வாசிக்கும்போது வேக வரிகள் மட்டும் பின்தங்குகின்றன, மெதுவான வரிகள் சரியாக இருக்கின்றன.

---

கலவைமேசை:

பதிவு மென்பொருளின் பஃபர் (ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைக்கும் இடம்) எவ்வளவு? 48 கிலோ ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் உள்ளே வரும்போதே 5.3 மில்லிசெகண்ட், வெளியே போவதையும் சேர்த்தால் 10-ஐத் தாண்டும். மெதுவான வரியில் உறைக்காது, சிக்ஸ்டீன்த்தில் கை காத்திருக்கத் தொடங்கும். பதிவுக்கு 64, மிக்ஸுக்கு 512. பதிவு நேரத்தில் மாஸ்டர் டிராக்கில் லிமிட்டரோ லுக்அஹெட் கம்ப்ரஸரோ இருந்தால் அணையுங்கள், அவையும் தாமதம் சேர்க்கும்.

வெட்டி ஒட்டும்போது லெகாட்டோ வரியின் நடுவில் கைவைக்காதீர்கள். முந்தைய சுரத்தின் அதிர்வு அடுத்ததிலும் இருக்கும், கத்தரித்தது காட்டிக்கொடுக்கும். வரிக்கு முந்தைய மௌனத்தில் வெட்டி, 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட்.

---

கோஸ்ட்நோட்:

மாஸ்டரிங்கில் சத்தத்துக்காக நசுக்க வேண்டாம். ஸ்ட்ரீமிங் தளங்கள் பல மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (சராசரிச் சத்தத்தின் அளவு) பக்கம் இறக்கிவிடுகின்றன. மைனஸ் 8-இல் கொடுத்தால் சத்தமும் கூடாது, ஸ்னேரின் அடியும் போயிருக்கும். இந்த வகை இசைக்கு மைனஸ் 12 முதல் 14, ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) மைனஸ் 1. எட்டு டிராக்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராதீர்கள். மெதுவான டிராக் 3 டெசிபெல் தாழ்ந்திருப்பதே அதன் அழகு.

---

ஏழரைக்கட்டை:

எல்.பி.யும் அச்சிடும் எண்ணம் இருக்கிறது. 46 நிமிடம் கொள்ளுமா?

---

கலவைமேசை:

33⅓ சுழற்சியில் பக்கத்துக்கு 23 நிமிடம் கொள்ளும், ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் வெட்டுவார்கள். பேஸும் கிக்கும் நடுவில், மோனோவாக இருக்கட்டும். ஓரத்துக்குத் தள்ளிய கீழ் அலைவரிசை ஊசியை மேலும் கீழும் தூக்கும்.

வரிசையையும் இதற்கேற்ப மாற்றுங்கள். தட்டின் உள்வட்டத்தில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் குறைவு, அதனால் மேல் அலைவரிசை அங்கே சிதையும். 7/8 டிராக் போலச் சிம்பலும் டிஸ்டார்ஷனும் நிறைந்தவை பக்கத்தின் முதலிலோ இரண்டாவதாகவோ வரட்டும். வால்யூம் பெடல் கார்டுகள் உள்ள மெதுவான டிராக்கைப் பக்கத்தின் கடைசியில் வையுங்கள். எந்த டிராக் எந்தச் சட்ஜத்தில், எந்த வேகத்தில் என்று ஒரு தாளில் எழுதி, ஒரே சட்ஜம் இரண்டு அடுத்தடுத்து வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பக்கங்களைப் பிரியுங்கள்.